ஏழுமலை சார் எதிரே நடந்த பௌர்ணமி

பிற்பகல் மூன்று நாற்பதுக்கு ஏழுமலை சார் விசில் ஊதினார். புதர்களுக்குப் பின்னாலிருந்தும் பாறை நிழல்களிலிருந்தும் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள், துணியில் ஒட்டிய நாயுருவியைப் பிய்த்துக்கொண்டே. வந்தவர்கள் ஜோடி ஜோடியாக நின்றார்கள். பர்வீன் மட்டும் தனியாக நின்றாள். அவளுடைய ஜோடி என் மகள் வாணி.

இன்றைக்கும் பிற்பகல் மூன்றரை தாண்டினால் என் கை தானாகப் போனைத் தேடும். வாணி இப்போது வளர்ந்து, படித்து, செடிகொடிகளை ஆராயும் வேலையில் மலை மலையாகச் சுற்றுகிறாள். "அம்மா, சிக்னல் இல்லன்னா நான் காட்டுல நிம்மதியா இருக்கேன்னு அர்த்தம். நீ ஏன் இப்படி நடுங்குற?" என்று சிரிப்பாள். அவளுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். அன்றைக்கு அவள் தேடப்பட்டவள், நான் காத்திருந்தவள்.

போன மாதம் ஏழுமலை சார் காலமானார். பள்ளியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் அவரோடு அதிக வருடம் வேலை பார்த்தவள், இருபது வருடம் முடித்து விருப்ப ஓய்வில் வந்தவள். மைக்கைப் பிடித்தேன். அதை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டேன். இறங்கி வந்துவிட்டேன். வெளியே வந்தபோது புதிதாகச் சேர்ந்த ஒரு அறிவியல் டீச்சர் கேட்டாள்: "மேடம், சார் அவ்ளோ புள்ளைங்கள எப்படி மலைக்குக் கூட்டிட்டுப் போனாரு? இப்பல்லாம் கேட்டத் தாண்டணும்னாலே ஆயிரம் கேள்வி கேக்குறாங்க." அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மேடையில் சொல்ல முடியாமல் போனதையும் சேர்த்து.

நான் இந்த ஊருக்கு வந்தது 1989இல். மாவட்டம் புதிதாகப் பிரிந்து, என் கணவருக்குக் கலெக்டர் அலுவலகத்தில் வேலை மாற்றல் ஆனது. அதற்கு முன் நான் படித்ததையும் பயிற்சி எடுத்ததையும் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கணக்கு டீச்சர் ஆனேன், அவ்வளவுதான். பள்ளியில் சேர்ந்த அன்று உதவித் தலைமையாசிரியரைப் பார்க்கச் சொன்னார்கள். போனால், ஒல்லியான கறுத்த மனிதர் ஒருவர் அறைக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சுவரில் போகும் எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு விசில்.

"கணக்கா?" என்றார், திரும்பாமலே.

"ஆமாங்க சார்."

"மலை உசரம் எவ்வளவுன்னு புள்ளைங்கள வெச்சு அளந்து காட்டுவீங்களா?"

அந்தச் சனிக்கிழமையே அளந்தோம். கோணமானியில் நூலைக் கட்டி, நூல் நுனியில் ஒரு கல்லைக் கட்டி, ஏரிக்கரையில் பிள்ளைகளை நிற்க வைத்தோம். ஒருத்தி போட்ட கணக்கில் அண்ணாமலையார் மலை எங்கள் பள்ளிக் கொடிக்கம்பத்தைவிடக் குட்டையாக வந்தது. அவள் அழப் போனாள். சார் குனிந்து அவள் காதோடு, "மலையாண்ட மட்டும் சொல்லிடாதம்மா, மனசு கஷ்டப்படும்" என்றார். அழ இருந்தவள் சிரித்துவிட்டாள். எனக்குக் கணக்குப் பாடத்தில் அப்படிச் சிரிப்பு வரும் என்று அதுவரை தெரியாது.

அவர் செங்கம் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வேங்கிக்காலில் வீடு கட்டிக்கொண்டு வந்தாலும் உடம்பு வெளியில்தான் இருக்கும். விடியுமுன் ஏரிக்கரை, மாலையில் மலையடிவாரம். கோடையில் மலையில் தீப்பிடித்தால் பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு அடிவாரத்து ஆட்களோடு ஏறிவிடுவார். மறுநாள் புருவம் கருகி வகுப்புக்கு வருவார். "சார், புருவம் எங்க?" என்று பிள்ளைகள் கேட்டால், "லீவுல போயிருக்கு" என்பார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி தவறாமல் கிரிவலம். செருப்பில்லாமல், யாரோடும் பேசாமல் சுற்றுவார். அந்த ஒரு நாள் மட்டும் அவரிடம் பறவையைப் பற்றிக் கேட்டால்கூடப் பதில் வராது.

அந்தப் புது டீச்சர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவர் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகும் முறை இதுதான்.

பள்ளி வாசலிலேயே ஜோடி பிரித்துவிடுவார். சிநேகிதிகளை ஒரே ஜோடியாகப் போட மாட்டார். "ரெண்டு பேரும் பேசிக்கிட்டே பள்ளத்துல விழுவாங்க" என்பார். நடக்கும்போது பெரியவர்களில் ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில். கடைசியில் வருகிறவர்தான் முக்கியம், அவர் யாரையும் தாண்டக் கூடாது. பையில் எப்போதும் ஊக்கு, ஊசி, வேப்பெண்ணெய், பழைய வேட்டித் துணி. வேலிகாத்தான் முள் குத்தாத பிள்ளை இந்த ஊரில் கிடையாது.

இடம் சேர்ந்ததும் 'உட்காருவது' என்று ஒன்று. ஜோடியை அங்கே கலைத்துவிடுவார். ஆளுக்கு ஒரு புதர், ஒரு பாறை. ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியக் கூடாது, ஆனால் விசில் கேட்கும் தூரத்துக்குள் இருக்க வேண்டும். பேசக் கூடாது, எழக் கூடாது, வருவது வரட்டும் என்று உட்கார வேண்டும். விசில் ஊதியதும் வந்து, வந்தது யார் என்று சொல்ல வேண்டும். "ஓணான் சார்" என்று யாராவது ஆரம்பித்தால் நிறுத்துவார். "பேரு அப்புறம். அது இன்னா பண்ணிச்சு, அதச் சொல்லு." பிள்ளைகள் தலையாட்டிக் காட்டுவார்கள், கழுத்தைப் புடைத்துக் காட்டுவார்கள். எதற்கும் பயப்படும் பிள்ளைகள் அந்தக் கொஞ்ச நேரத் தனிமைக்குப் பிறகு வேறு முகத்தோடு எழுந்து வருவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

வழி தவறினால் என்ன செய்வது என்பதையும் ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் கூட்டிப்போவார். "விசில் கேக்கலன்னா அலையாத. கீழ எறங்கு. எந்தப் பக்கம் எறங்கினாலும் சுத்துற ரோடு வந்தே தீரும். மலைய சோத்தாங்கைப் பக்கம் வெச்சுக்கிட்டு நட. நாங்க அங்கதான் நிப்போம்."

தலைமையாசிரியர்கள் மாறி மாறி வந்தார்கள். சிலர் முகம் சுளித்தார்கள், சிலர் விட்டுவிட்டார்கள். சார் யாரோடும் வாதாடவில்லை. திட்டினால் கேட்டுக்கொள்வார், அடுத்த சனிக்கிழமை அனுமதிக்குப் போய் நிற்பார். வாணி காணாமல் போன அந்த நாளுக்குப் பிறகும், ஓய்வு பெறும்வரை போய்க்கொண்டுதான் இருந்தார். பௌர்ணமி நாளில் மட்டும் போகவில்லை. அடுத்த பயணத்துக்கு வாணியை அனுப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. அவளே செருப்பைப் போட்டுக்கொண்டு போய் வரிசையில் நின்றாள். நான் கடைசி ஆளாகப் பின்னால் நடந்தேன்.

இனி அந்த நாள். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு சனிக்கிழமை. பௌர்ணமி மாலையில்தான் பிறக்கிறது, கூட்டம் சேர்வதற்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டோம். மலைக்குப் பின்புறம், கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலைக்கு மேலே உள்ள புதர்க்காட்டில் பிள்ளைகளை உட்கார வைத்தோம். பெண் பிள்ளைகளுக்குத் துணையாக நான், பையன்களுக்கு பி.டி. மாஸ்டர். அன்னதானப் பந்தல் ஒன்றில் ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். 'ஹலோ, ஹலோ' என்று ஆரம்பித்துப் பாட்டாக மாறி மலைச்சரிவு முழுவதும் எதிரொலித்தது. எங்களுக்கு அது எரிச்சலாக இருந்ததே தவிர, அதன் அடியில் விசில் முங்கிப்போகும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பர்வீன்தான் சொன்னாள். "மிஸ், கீரி ஒண்ணு குட்டிங்களோட போச்சு. அது பின்னாடியே வாணி போறத நான் பாத்தேன். பேசக் கூடாதுன்னு சார் சொன்னாருல்ல, அதான் கூப்புடல."

அவளைக் கோபிக்க முடியுமா? சொன்னதைச் செய்த பிள்ளை.

சார் திரும்பத் திரும்ப ஊதினார். பி.டி. மாஸ்டர் மேலே ஓடினார். அடி அண்ணாமலை இளவட்டங்கள் சிலர் வந்து சேர்ந்தார்கள். புதர் புதராகத் தேடினோம். வாணியின் இரண்டு நீல ரிப்பன்களில் ஒன்று மட்டும் சரிவின் கீழ்ப்பக்கத்து முள்ளில் மாட்டிக் கிடந்தது. அதை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டேன். இளவட்டங்களில் ஒருவன், "ரிப்பன் இங்க இருந்தா புள்ள கீழதாங்க எறங்கியிருக்கும்" என்றான்.

கீழே இறங்கினோம். இறங்கியபோது ரோடு ரோடாக இல்லை. மனிதர்கள் ஆறாகப் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லாரும் ஒரே திசையில், மலையை வலப்பக்கம் வைத்து.

ரோட்டோரம் டீக்கடை வைத்திருந்த சரோஜா அக்கா சொன்னார்: "ரோட்டுக்கு வந்திருந்தா கூட்டத்தோட முன்னாடிதான் போயிருக்கும். ஓடுங்க, புடிச்சிடலாம்."

எல்லாரும் முன்னால் ஓடினோம். எனக்கு முன்னால் பின்னல்கள், பின்னல்கள், பின்னல்கள். நீல ரிப்பன் தெரிந்த இடத்தில் எல்லாம் தோளைத் தொட்டுத் திருப்பினேன். திரும்பிய முகம் வேறு முகம். ஒரு தாய் என் கையைத் தட்டிவிட்டு, "இன்னாம்மா, எம்பொண்ண ஏன் புடிச்சு இழுக்குற?" என்றாள். காரணம் சொன்னதும் அவள் முகம் மாறியது. தன் பெண்ணின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் போய்விட்டாள்.

பாதையில் அடுத்து வரும் வாயு லிங்கம்வரை போய், இல்லை என்று தெரிந்து, ஓரத்து முள்வேலியை ஒட்டித் தடுமாறித் திரும்பி வந்தேன். சார் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கைகள் மடியில். பிள்ளைகளை உட்காரச் சொல்வாரே, அதே மாதிரி அசையாமல், போகிற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு. எனக்கு ஆத்திரம் வந்தது.

"சார்! எம்பொண்ணு சார்!"

அவர் எழுந்தார். "டீச்சர், நாம எல்லாரும் முதுகத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம். புள்ள நமக்குப் பின்னாடி எறங்கியிருந்தா?"

பின்னால் என்றால் கூட்டம் வரும் பக்கம். அங்கே போக வேண்டுமென்றால் எதிரே நடக்க வேண்டும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் யாருக்கும் அந்த எண்ணம் வரவே வராது. அவ்வளவு பேர் தேடினோம், ஒருவர்கூட அந்தப் பக்கம் போகவில்லை.

சரோஜா அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சார், பௌர்ணமி அன்னிக்கு யாராவது எதிர சுத்துவாங்களா? தெய்வக் குத்தம் சார்."

சார் மலையைப் பார்த்துக் கைகூப்பி ஒரு கணம் நின்றார். பிறகு, "கணக்க அப்புறம் தீத்துக்கலாம்னு அவராண்ட சொல்லிட்டேன்" என்றார். பி.டி. மாஸ்டரிடம் மற்ற பிள்ளைகளை வீடு சேர்க்கச் சொன்னார். என்னிடம் சொன்னது இதுதான்: "நீங்க இங்கயே ஒக்காருங்க. என்ன ஆனாலும் எழுந்திரிக்கக் கூடாது. ஒருத்தர் ஒக்காரணும், ஒருத்தர் நடக்கணும். புள்ள கெடைக்கற வரைக்கும் நான் நிக்க மாட்டேன், சுத்தி இங்கயே வந்து சேருவேன்."

போய்விட்டார். கூட்டம் அவரை இடித்தது. "யோவ் பெருசு, கண்ணு தெரியல? திரும்பு!" என்று யாரோ கத்தினார்கள். இன்னொருவன், "பகல்லயே ஊத்திட்டு வந்துட்டான் போல" என்றான். மாணவர்கள் எழுந்து நின்று வணக்கம் சொல்லும் மனிதர். எல்லாருக்கும் அவர் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டு போவது கேட்டது: "புள்ளயத் தேடுறேன்பா. நீல ரிப்பன், பேரு வாணி. பாத்தா அடி அண்ணாமலை டீக்கடையில அவங்க அம்மா இருக்காங்க, கொண்டாந்து வுடுங்க." கொஞ்ச நேரத்தில் குரல் கேட்கவில்லை.

உட்கார்ந்தேன். என் கணவர் கோயில் வாசலில் பௌர்ணமி வேலையில் இருந்தார். அவருக்குச் சொல்லி அனுப்பவும் வழியில்லை. சரோஜா அக்கா டீயை வைத்தார். ஆடை படிந்தது.

முதலில் ஓர் இளைஞன் வந்து நின்றான். "நீங்கதான் அந்த டீச்சரா? பொண்ணு கெடச்சுதா?" யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "வருணலிங்கத்தாண்ட ஒரு பெரியவரு எதிர்ல வந்தாரு."

அடுத்து ஒரு குடும்பம். அடுத்து காவி வேட்டிக்காரர் இருவர். "கெடச்சுதாம்மா?" "கெடச்சுடும்மா, அண்ணாமலையார் இருக்காரு." பிறகு வந்தவர்கள் சூரியலிங்கம் என்றார்கள். பிறகு, இன்னும் பின்னால், நிருதிலிங்கம். அவர் எதிரே நடக்க நடக்க, அவர் பார்த்த முகங்கள் எல்லாம் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு 'கெடச்சுதா'வும் கிடைக்கவில்லை என்றுதான் பொருள். ஆனாலும் அந்தக் கேள்வி நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அது வரும்வரை அவர் நடக்கிறார்.

இருட்டத் தொடங்கியபோது கூட்டத்துக்கு நடுவில் ஒரு வழி பிறந்தது. ஆந்திராவிலிருந்து வந்த பெண்கள், மஞ்சள் புடவை கட்டிய ஏழெட்டுப் பேர். அவர்களில் வாட்டசாட்டமான ஒருத்தி என் மகளை, அவ்வளவு வளர்ந்த பெண்ணை, இடுப்பில் சுமந்துகொண்டு வந்தாள். "மீ பாப்பேனா?" என்று என்னைக் கேட்டாள். உங்கள் குழந்தைதானா என்று. கைகளை நீட்டினேன். வாங்கிக்கொண்டேன்.

வாணி சொன்ன கீரியின் கதை நீளம். சுருக்கமாக: கீரிக்குப் பின்னால் ஒரு மேட்டைத் தாண்டிவிட்டாள். விசில் கேட்கவில்லை. சார் சொன்னபடி கீழே இறங்கி, எங்களுக்கு வெகு பின்னால் ரோட்டைப் பிடித்து, முறைப்படி நடந்திருக்கிறாள். பாதத்தில் வேலிகாத்தான் முள் ஏறிவிட்டது. அந்தப் பெண்கள் ஒரு மண்டபத்தின் உள்ளே உட்கார வைத்து, முள்ளை எடுத்துப் புளியோதரை கொடுத்திருக்கிறார்கள். சார் அந்த மண்டபத்தைத் தாண்டித்தான் போயிருக்கிறார். நடுவில் கூட்டம், உள்ளே இருந்தவள் அவர் கண்ணில் படவில்லை. அவர் சொல்லிவிட்டுப் போன பூ விற்கும் பெண் ஒருத்திதான் ரிப்பனைப் பார்த்துவிட்டு, இவர்களுக்குக் கைஜாடையில் புரிய வைத்திருக்கிறாள்.

"சார் எங்கம்மா?" என்றாள் வாணி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்குத் தெரியாது. அவர் நடந்துகொண்டே இருப்பார். அவருக்குப் பின்னால் ஓடிச் சொல்ல எதிரே போகிறவர் யாரும் இல்லை.

நான் கணக்கு டீச்சர். கொஞ்ச நேரம் எடுத்தது, ஆனால் பிடிபட்டது. ரோடு வட்டம். அவர் ஊரைத் தொட்டு அந்தப் பக்கமாக வருவார். இங்கிருந்து முன்னால் போகிறவர்கள் எங்கோ ஓர் இடத்தில் அவர் முகத்துக்கு நேரே போய் நின்றே ஆக வேண்டும். பெஞ்சின் மேல் ஏறி நின்றேன். போகிறவர்களிடம் எல்லாம் கத்தினேன்: "எதிர்ல ஒரு பெரியவர் வருவார், கழுத்துல விசில் இருக்கும். பொண்ணு கெடச்சுட்டான்னு சொல்லிடுங்க!" கேட்டவர்கள் கைதூக்கினார்கள். சிலர் சிரித்தார்கள். முன்பு 'கெடச்சுதா' என்று கேட்டவர்களின் பின்னால் வந்தவர்கள், "கெடச்சுட்டாளா! நல்லாயிரும்மா!" என்று வாணியின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள். அவள் கன்னம் சிவந்துவிட்டது.

"புள்ளய வூட்டுக்குக் கூட்டிட்டுப் போம்மா, அவரு எங்கியாவது கேள்விப்பட்டுப் போய்டுவாரு" என்றார் சரோஜா அக்கா. நான் போகவில்லை. ஒருத்தர் உட்கார வேண்டும் என்று சொன்னவர் திரும்பி வரும்போது அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது. வாணி என் மடியில் தூங்கிப்போனாள். நிலா மலைக்கு மேலே வந்துவிட்டது.

குபேர லிங்கம் இருக்கும் பக்கத்திலிருந்து, கூட்டத்துக்கு எதிரே, ஓரமாக அவர் வந்தார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. நெற்றியில் யாரோ இட்ட விபூதி வேர்வையில் வழிந்திருந்தது. கையில் யாரோ கொடுத்த வாழைப்பழங்கள். பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்று, குனிந்து, தூங்கும் பிள்ளையைப் பார்த்தார். முள் எடுத்த பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் வாழைப்பழங்களை வாணியின் பக்கத்தில் வைத்துவிட்டு, மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்:

"ஈசான்ய லிங்கத்தாண்டயே சொல்லிட்டாங்க டீச்சர், புள்ள கெடச்சிடுச்சுன்னு. அங்கிருந்து வூடு பக்கம்தான். அப்படியே போயிடலாம்னுதான் திரும்பினேன். கால் கேக்கல. அப்புறம் எதிர்ல வந்தவங்க எல்லாம் சொல்லிக்கிட்டேதான் வந்தாங்க, நூறு பேரு சொல்லியிருப்பாங்க. இருந்தாலும் ஒரு வாட்டி கண்ணால பாத்துட்டுப் போயிடறேன்னு வந்தேன்."